உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிடலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 48 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2014இல் இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில், எல்4–எல்5 இடத்தில் ஜவ்வு கெட்டுவிட்டது என்று சொல்லி, வயிற்றுப் பக்கமாகத் திறந்து செயற்கை டிஸ்க் வைத்தார்கள். ஏழெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷமாகத் திரும்பவும் வலி. அடுப்படியில் நின்றால் இடுப்பின் இரண்டு பக்கமும் கடுக்கிறது. கொடியில் துணி போட அண்ணாந்தால் உயிர் போகிறது. உட்கார்ந்து மேஜைமேல் சாய்ந்தால் குறைகிறது. நாலு மாதமாக இடது தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து பாதத்தின் மேல்பக்கம் வரை சுருக்கென்று இழுக்கிறது. போன வாரம் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். ஒரு டாக்டர் டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்பை இணைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் அது இருந்த இடத்தில் இருக்கட்டும், பின்பக்கமாக ஸ்க்ரூ போடலாம் என்கிறார். மூன்றாமவர் எதையும் தொடாதீர்கள், மாத்திரை போதும் என்கிறார். மாமியார் புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். உள்ளே ஓர் இரும்பு கிடக்கிறது என்ற நினைப்பிலேயே தூக்கம் வரமாட்டேன் என்கிறது. எடுத்துவிடலாமா? எடுத்தால் உயிருக்கு ஆபத்தா?
ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: டிஸ்க்கைப் பற்றி அப்புறம் பேசலாம் அம்மா. முதலில் அந்தச் செருப்பு.

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலையும் மட்டும் தரையில் ஊன்றிப் பத்தடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பக்கம் தூக்க வராமல் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதா? அப்புறம் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது உங்கள் கால் கட்டைவிரலை மேலிருந்து ஒரு விரலால் அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்த்துத் தூக்குங்கள். வலது கட்டைவிரல் தூக்குகிற அளவுக்கு இடது தூக்கவில்லை என்றால், எல்5 என்ற நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்4–எல்5 இடத்தைக் கடந்து கீழே இறங்குகிற நரம்பு அது. நீங்கள் சொல்லும் இழுப்பும் அந்த நரம்பு போகும் பாதையிலேயே போகிறது. வலி எத்தனை மாதம் இருந்தாலும் பொறுத்திருந்து முடிவெடுக்கலாம். பலம் குறைந்தால் அப்படி விடக் கூடாது, நசுங்கிய நரம்பு ரொம்ப நாள் காத்திருக்காது. இந்த வாரமே ஒரு முதுகெலும்பு டாக்டர் உங்கள் காலைத் தொட்டுச் சோதிக்க வேண்டும்.

இதோடு சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அல்லது வராமல் அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குளிர்காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த இரும்புக்கு வருவோம்.

முதலில், அது இரும்பு இல்லை, துருப்பிடிக்காது. பெரும்பாலான வகைகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கோபால்ட்–குரோமியம் கலவையில் செய்த இரண்டு தகடுகள் இருக்கும். நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் குமிழ் மாதிரி ஒரு துண்டு. தகடுகளின் வெளிப்பக்கத்தில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்வதற்காக டைட்டானியம் பூச்சு. சிலவற்றில் எலும்புக்குள் இறங்கும் ஒரு நீள முகடு, சிலவற்றில் பற்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், எடுப்பதைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இந்த டிஸ்க்குக்கு ஒரு சுவாரசியமான பூர்வீகம் உண்டு. 1960களில் சுவீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் ஜவ்வு இருந்த இடத்தில் ஸ்டீல் உருண்டையை வைத்துப் பார்த்தார். உருண்டை நாளாவட்டத்தில் மெல்ல எலும்புக்குள்ளேயே புதைந்துகொண்டது. 1980களின் தொடக்கத்தில், கிழக்கு பெர்லினில் இருந்த ஷாரிட்டே மருத்துவமனையில் காரின் பியூட்னர்–யான்ஸ் என்ற பெண் மருத்துவரும் குர்ட் ஷெல்நாக்கும் சேர்ந்து இரண்டு தகடும் நடுவில் பிளாஸ்டிக்கும் உள்ள வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர். முதுகை வில்லாக வளைத்துப் பழகியவர், முதுகு வளையும்படி ஒரு டிஸ்க்கை யோசித்ததில் ஆச்சரியமில்லை. 1984இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்க 2004 ஆனது, இன்னொரு வகைக்கு 2006. நம் ஊருக்கும் வந்தது. ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், இது அசையும் என்ற காரணத்துக்காக நிறைய பேருக்கு வைத்தோம். நானும் வைத்திருக்கிறேன்.

வைத்த காலத்தில் எங்களில் பலர் போதுமான கவனம் கொடுக்காத ஒன்று இருக்கிறது. முதுகெலும்பின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு முக்காலி மாதிரி. முன்னால் ஒரு கால், அதுதான் டிஸ்க். பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மூட்டுகள், நாங்கள் ஃபேசட் மூட்டு என்போம். செயற்கை டிஸ்க் வைப்பதென்றால் முன்கால் ஒன்றை மட்டும் புதிதாக்குகிறோம். பின்கால்கள் இரண்டும் பழையவை. 38 வயது வாக்கில் அவை நன்றாக இருந்திருந்தாலும், உங்கள் வயது ஏறும்போது அவையும் தேயும். டிஸ்க் அசைய அசைய, அந்த அசைவில் ஒரு பங்கை அவையும் சுமக்கின்றன. அதனால்தான் பின்மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு இந்த டிஸ்க்கை வைக்கக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே விதி. ஆரம்பத்தில் சரியாக இருந்து பிறகு தேய்ந்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் எங்கள் மேஜைமேல் கொண்டுவந்து வைக்கும் கேள்வி.

இப்போது உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். நின்றால் கடுப்பு, அண்ணாந்தால் உயிர் போகிறது, முன்னால் சாய்ந்தால் நிம்மதி. பின்பக்கம் வளையும்போது ஃபேசட் மூட்டுகள் ஒன்றோடொன்று இறுகும், முன்னால் குனியும்போது திறந்துகொள்ளும். நரம்பு போகும் துவாரமும் அப்படித்தான், அண்ணாந்தால் குறுகும், குனிந்தால் விரியும். தேய்ந்த மூட்டு தடித்து, பக்கத்தில் போகும் நரம்பை நெருக்கும். ஆகவே வலி பின்பக்கத்திலிருந்து வருகிறது என்ற சந்தேகம்தான் எனக்கு முதலில். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். பின்பக்கம்தான் காரணம் என்றால், வயிற்றைத் திறந்து முன்பக்க டிஸ்க்கை எடுப்பது, கூரை ஒழுகுகிறது என்று தரையைப் பெயர்ப்பது மாதிரி.

ஆனால் டிஸ்க் நிரபராதி என்றும் இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒரே வரி: டிஸ்க் இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு வருஷப் பழசு. அதுவும் படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே. எந்தப் பழைய படத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அதில் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதில் செலவு குறைவு, பலன் அதிகம்.

2014இல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், பெரிய காக்கிக் கவரில் இருக்கும், தேடுங்கள். இப்போது புதிதாக நின்ற நிலையில் ஒன்று, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று எடுக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: இரண்டு பக்கவாட்டுப் படத்தையும் வெளிச்சப் பெட்டியில் ஒட்டிவைத்து, கீழ்த்தகட்டின் முன்விளிம்புக்கும் எலும்பின் முன்விளிம்புக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். தகடு எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அதற்குள் இறங்கியிருக்கிறதா? நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்காகச் சில வகைகளில் பிளாஸ்டிக்கைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பி வளையம் வைத்திருப்பார்கள். அந்த வளையம் கோணியிருந்தாலோ உடைந்திருந்தாலோ உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஐந்து பக்க ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லாத விஷயம் சில சமயம் ஒரு நிமிஷத்தில் தெரியும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் கோபால்ட்–குரோமியத்தைச் சுற்றி ஒரு பெரிய கருப்பு நிழல் விழும், உங்களுக்குத் தெரிய வேண்டிய இடமே அந்த நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு அடுக்கு கீழே இருக்கும் எல்5–எஸ்1 ஜவ்வு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது உதவும். டிஸ்க் இருக்கும் அடுக்கில் நரம்பு எங்கே நசுங்குகிறது என்று பார்க்க, தண்டுவட உறைக்குள் சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. மைலோகிராம் நல்லது. எலும்பு, தகடு, மூட்டு மூன்றுக்கும் சி.டி.தான். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும், கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்க. 48 வயது என்பதால் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேனும், வைட்டமின் டியும். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு மெலிந்தால் தகடு இறங்கும், நாளைக்கு ஸ்க்ரூ போட்டாலும் பிடிக்காது.

இதற்கெல்லாம் பிறகு, ஃபேசட் மூட்டுக்குப் போகும் சின்ன நரம்புகளுக்கு எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாம். ஊசி போட்ட அன்று உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. படுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குப் போய் அடுப்படியில் நில்லுங்கள், கொடியில் துணி போடுங்கள். மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரம் இடுப்பு வலி முக்கால்வாசி காணாமல் போனால், குற்றவாளி பின்மூட்டு. கொஞ்சமும் குறையவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். எடுக்க முடியுமா? முடியும். உயிருக்கு ஆபத்தா? அந்த ஆபத்து முதுகெலும்பில் இல்லை, அதற்கு முன்னால் போகும் ரத்தக் குழாயில் இருக்கிறது.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய தமனி எல்4 எலும்புக்கு முன்னால்தான் இரண்டாகப் பிரிகிறது. கால்களிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய சிரைகள் அதற்குச் சற்றுக் கீழே ஒன்று சேர்கின்றன. அதாவது உங்கள் டிஸ்க் இருக்கும் இடம் நாலு முக்குச் சந்திப்பு. 2014இல் உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் இடது சிரையை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கை உள்ளே வைத்திருப்பார். வேலை முடிந்ததும் சிரை திரும்பத் தன் இடத்துக்கு வந்து டிஸ்க்கின் மேலேயே படுத்திருக்கும். அப்புறம் நடுவில் தழும்பு வளர்ந்திருக்கும். புதிதாக வாங்கின எவர்சில்வர் பாத்திரத்தில் கடைக்காரர் ஒட்டின ஸ்டிக்கரை உரித்திருப்பீர்கள். அன்றைக்கே உரித்தால் முழுசாக வரும். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு உரித்தால் பாதி வரும், பாதி கிழியும். சிரையின் சுவரும் அந்த ஸ்டிக்கர் மாதிரி எளிதில் கிழிவது. அதற்குள் ஓடுவது உங்கள் காலின் மொத்த ரத்தம். கிழிந்தால் தையல் போட்டு நிறுத்தலாம், ஆனால் அந்த நிமிஷங்களில் அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

டிஸ்க் வைத்த முதல் இரண்டு வாரங்களுக்குள் ஏதாவது கோளாறு என்றால் அதே வழியில் திரும்பப் போய் எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று சொல்வதற்குக் காரணம் இந்தத் தழும்புதான். பத்து வருஷம் கழித்துப் போவது வேறு ஆபரேஷன். உங்களுக்குச் சிசேரியன் நடந்திருந்தாலோ, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தாலோ அதையும் சொல்ல மறக்காதீர்கள், வயிற்றுக்குள் எந்தத் தழும்பும் கணக்கில் வரும்.

அதனால் முன்பக்கமாகப் போவதென்றால் ஆபரேஷனுக்கு முன்பே ரத்தக் குழாய்களை சி.டி.யில் படம் எடுப்போம். சிறுநீர்க் குழாயும் தழும்பில் ஒட்டியிருக்கும் என்பதால், யூராலஜி டாக்டர் அதற்குள் ஒரு மெல்லிய ஸ்டென்ட் விடுவார். கைபட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ரத்தக்குழாய் அறுவை நிபுணர் பக்கத்தில் கையுறையோடு நிற்க வேண்டும். "தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த இடத்தில் இருக்கும் மெல்லிய நரம்பு வலை பாதிக்கப்பட்டால் விந்து வெளியே வராமல் உள்பக்கமாகப் போய்விடும். இனி குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் இதைப் பேசுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எல்4–எல்5 என்பதால் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் நுழைந்து, பெரிய குழாய்களை முன்னால் விட்டுவிட்டு, தொடைக்குப் போகும் சோவாஸ் தசை வழியாக டிஸ்க்கை அடையலாம். ஒரு அடுக்கு கீழே இருந்தால் இடுப்பெலும்பு மறித்துக்கொள்ளும், இந்த வழி கிடையாது. இதிலும் தசைக்குள் ஓடும் நரம்புகள் இருக்கின்றன, தொடை சில வாரம் மரத்துப்போகலாம், படி ஏறத் தடுமாறலாம். சிரை கிழிவதோடு ஒப்பிட்டால் நான் அதை ஏற்றுக்கொள்வேன்.

டிஸ்க்கை அடைந்த பிறகும் அது சும்மா வந்துவிடாது. டைட்டானியம் பூச்சில் எலும்பு வளர்ந்து பற்றியிருக்கும் என்றேனே, நல்ல டிஸ்க் என்றால் நன்றாகவே பற்றியிருக்கும். மெல்லிய உளி வைத்துத் தகட்டை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கொஞ்சம் எலும்பும் கூட வரும். அந்தக் குழியில் திரும்பவும் ஓர் அசையும் டிஸ்க்கை வைப்பது வழக்கமில்லை. ஒரு கூண்டு வைத்து, எலும்புத் துண்டுகளை நிரப்பி, பின்பக்கமாக ஸ்க்ரூவும் ராடும் போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக்கிவிடுவோம். அசைவுக்காக வைத்த டிஸ்க், எடுக்கும்போது அசைவையும் எடுத்துக்கொண்டு போகிறது.

அப்படியானால் யாருக்குத்தான் எடுக்க வேண்டும்? தகடு முன்னால் நழுவி ரத்தக் குழாயை உரசுகிறவருக்கு. நடுத்துண்டு வெளியே பிதுங்கியவருக்கு. டிஸ்க்கைச் சுற்றிச் சீழ் பிடித்தவருக்கு. தகடு எலும்புக்குள் புதைந்து நரம்பை அழுத்தி, பின்பக்கமாகச் சரிசெய்ய வழியில்லாதவருக்கு. பிளாஸ்டிக் தேய்ந்து உதிர்ந்த தூளால் எலும்பு அரித்துப்போனவருக்கு, இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் பார்ப்பதைவிட இது முதுகில் அபூர்வம். உலோக ஒவ்வாமை என்பதும் உண்டு, ஆனால் அதைக் காரணம் காட்டும் முன் மற்ற எல்லாவற்றையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவருக்குக் கீழ்த்தகட்டின் முன்விளிம்பு எலும்புக்குள் இறங்கி, மொத்த டிஸ்க்கும் சாய்ந்துபோயிருந்தது. பக்கவாட்டு வழியாக எடுத்தோம். கிட்னி ட்ரே என்னும் ஆபரேஷன் தட்டில் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது, பிளாஸ்டிக்கின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் நகம் கடித்த மாதிரி தேய்ந்திருந்தது. படத்தில் பார்த்ததும் ட்ரேயில் கிடந்ததும் ஒன்றாக இருந்தன. அவர் இப்போது வேலைக்குப் போகிறார், வலி முழுசாகப் போகவில்லை, மாத்திரை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. இன்னொரு பெண்மணி வெளியூரில் டிஸ்க்கை எடுத்துவிட்டு வந்தார். எடுத்த டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை, அது நகரவும் இல்லை, இறங்கவும் இல்லை. வலியும் அப்படியே இருந்தது. அவருக்கும் உங்களைப் போலவே, உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால் போதும் என்ற எண்ணம். பாவம், அதற்கு அவர் ஒரு வருஷத்தைக் கொடுத்தார்.

மூன்று டாக்டர்களில் யார் சரி என்று கேட்டால், படங்களில் டிஸ்க் இடம் நகராமல் இருந்து, ஊசியில் பின்மூட்டு என்று தெரிந்து, சி.டி.யில் நரம்பு நசுங்கும் இடமும் தெரிந்தால், என் ஓட்டு இரண்டாமவருக்கு. பின்பக்கமாகத் திறந்து, நரம்பை நெருக்கும் தடித்த மூட்டைச் செதுக்கிவிட்டு, எல்4, எல்5 இரண்டையும் ஸ்க்ரூ போட்டுப் பக்கத்தில் எலும்புத் துண்டு வைத்து இணைப்பது. டிஸ்க் முன்னால் தன் பாட்டுக்கு இருக்கும். அசைவு நின்றுவிட்டால் அது வெறும் இடைவெளி நிரப்பி, அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு நாளில் வீட்டுக்கு வரலாம், மேஜை வேலைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், எலும்பு கெட்டியாக ஒட்ட ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். டிஸ்க் இறங்கியிருக்கிறது, நழுவியிருக்கிறது என்று தெரிந்தால் முதலாமவர் சொன்னதை நானும் சொல்வேன். மூன்றாமவர் சொன்னது, கால் பலம் குறையாமல் இருந்திருந்தால் தப்பில்லை. இப்போது செருப்பு கழன்று விழுகிறது. வலி மாத்திரையையே மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும், அது தனிக் கதை.

காகிதங்களைப் பற்றி. எந்த டாக்டரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி டிஸ்க், என்ன சைஸ்?" எடுக்கும் கருவிகள் ஒவ்வொரு வகைக்கும் வேறு. டிஸ்க் வந்த பெட்டியிலிருந்து பட்டைக்கோடு போட்ட ஸ்டிக்கரைக் கிழித்து ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவது வழக்கம், சில இடங்களில் பில்லிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஒட்டித் தருவார்கள். அந்த இரண்டங்குல ஸ்டிக்கர்தான் உங்கள் டிஸ்க்கின் ஆதார் அட்டை. 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், ஆனால் 3 வருஷம் வரை பாதுகாத்தால் போதும் என்பதும் அதே விதி. 2014 என்பதால் அவர்கள் கை விரிக்கலாம். எழுத்தில் கேளுங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் பல கம்ப்யூட்டரில் வைத்திருக்கின்றன. அன்றைக்கு இன்ஷூரன்ஸில் கட்டியிருந்தால், அந்தக் கோப்பிலும் நகல் கிடக்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். புதிதாக மெடிக்கல் பாலிசி எடுத்து அதில் இதைச் செய்துகொள்ளலாம் என்றால், முன்பே இருந்த நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள். சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தால் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இன்னொரு கருத்து வேண்டும் என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. எலும்பு, நரம்பு, ரத்தக் குழாய் மூன்று துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம். இந்த மாதிரி சிக்கலில் அதுதான் பெரிய விஷயம், வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒருவேளை டிஸ்க்கை எடுப்பதாக முடிவானால், எடுத்த டிஸ்க்கைக் குப்பையில் போட விடாதீர்கள். அதன் கோளாறை மத்திய அரசின் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு டாக்டர் தெரிவிக்கலாம். 2015இலிருந்து நடக்கிறது, காஸியாபாத்தில் இருக்கும் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதைப் பார்த்துக்கொள்கிறது.

நாளைக்குத் தேவைப்படும் சில்லறை விஷயங்கள். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அது ஊஞ்சல். அடுப்படியில் ஒரு மணையைக் கீழே போட்டு ஒரு காலை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்து நில்லுங்கள், இடுப்பு பின்னால் வளையாது, கடுப்பு பாதியாகும். கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். புஜங்காசனம் மாதிரிப் பின்னால் வளையும் ஆசனம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கட்டு வேண்டாம், இடுப்பை யாரும் முறுக்கவோ மிதிக்கவோ இழுத்து விடவோ கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்வதற்குத் தடையில்லை, அவர் கையாலேயே ஊற்றட்டும். மரத்துப்போன காலில் சூடு தெரியாது, அதனால் தண்ணீரின் சூட்டை முதலில் கையில் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.